மைப் போத்தலுக்கு ஏசி

றிப்தி காக்கா ஜும்ஆ தொழுதிட்டு நேரே பாலமுனைக்குப் போய்ப் பொஞ்சாதி புள்ளைகளோட சோறு தின்னுற மனிசன் இல்ல. சாய்ந்தமருதுல உம்மாட ஊட்டுக்குத்தான் அவர்ட மோட்டச்சைக்கிள் வரும். வந்து உம்மாவுக்கு ஒரு ஸலாம், தங்கச்சி ஸம்றாவுக்கு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். மேற்குப் பக்கத்து அறையச் சாவி போட்டுத் திறந்து, உள்ளுக்குப் போய்க் கதவச் சாத்திக்குவார். "காக்கா பேனைக்கி மை மாத்துறாரு, சத்தம் போடாதீங்க புள்ள" எண்டு உம்மா வேலியோட நிண்டு பக்கத்து ஊட்டுச் சின்னஞ்சிறுசுகள அதட்டுவா. சத்தம் போட்டா மை என்ன பயந்து ஓடிருமா? எண்டாலும் அதட்டுவா. உத்தியோகம் பாக்கிற மகன் எண்டா உம்மாமாருக்கு அப்பிடி ஒரு மயக்கம்.

ஸம்றா ஹோல்ல குந்தி, பள்ளிக்கூடத்துப் புள்ளைகள்ட கணக்குத் தாள் திருத்திக்கிட்டு இருப்பாள். மேல ஃபேன் சுத்தும், வெக்கையத்தான் சுத்திச் சுத்தித் தரும். மேற்கு அறைக் கதவுக்குக் கீழால மட்டும் ஏசிக் காத்து கொஞ்சம் கசிஞ்சு வந்து அவள்ட காலத் தொடும். மைக்கு வெக்கை ஒத்துக்காதாம். அறுவது தாண்டின உம்மாவுக்கு ஒத்துக்குமாம். இத நினைக்கிற நேரமெல்லாம் அவள்ட சிவப்புப் போல்பொயின்ட் தாள்ல கொஞ்சம் ஆழமாப் பதியும்.

அந்த அறைக்குள்ள என்ன நடக்குதெண்டு அவளுக்குத் தெரியாதெண்டு இல்ல. மூடியக் கழட்டுவார், நிப்பக் கழட்டுவார், வெதுவெதுத் தண்ணியில போட்டு, தண்ணி தெளியுமட்டும் உறிஞ்சி உறிஞ்சித் துப்ப வைப்பார். பஞ்சுத் துணியில ஒத்தி, சின்னப் பூதக்கண்ணாடியக் கண்ணுல வெச்சு நிப்புட நுனியப் பாப்பார். பொறகு பெரிய யோசனை. இண்டைக்குப் பச்சையா, ஊதாவா, இல்லாட்டிக் காஞ்ச பொறகு ஓரத்துல செம்பு மினுங்குற அந்த நீலமா? ஒரு போத்தலத் திறந்து மணந்து பாப்பார். பேனைய முக்கி, மை ஏறுறதப் பாத்து, "மாஷா அல்லாஹ்" எண்டு ஒரு மூச்சு விடுவார். அவர்ட மூத்த மகன் பொறந்த அண்டு புள்ளையக் கையில குடுத்த நேரமும் அவர் அப்பிடி ஒரு மூச்சு விடல்ல. ஸம்றா பக்கத்துலதான் நிண்டவள்.

பொய் சொல்லக் கூடாது, அந்த நீலம் வடிவுதான். ஒருநாள் அறையக் கூட்டப் போன நேரம், மேசையில கிடந்த தாள்ல அவர் அலிஃப் பே எழுதிப் பாத்து வெச்சிருந்தது கண்ணுல பட்டிச்சு. சாய்ச்சுப் பாத்தா நீலம், நிமித்திப் பாத்தா செம்பு. ஸம்றா கூட்டுமாறோட நிண்டு கொஞ்ச நேரம் சாய்ச்சும் நிமித்தியும் பாத்தாள். மனசுக்குள்ள ஒரு குளிர் வந்திச்சு. அது வந்ததுதான் அவளுக்கு இன்னும் கோவம். இவ்வளவு வடிவான சாமான வெச்சிக்கிட்டும் ஒரு மனிசன் இவ்வளவு அற்பமா இருக்க ஏலுமா எண்டுதான் கோவம்.

ஊர்ல உம்றாவுக்குப் போறவங்ககிட்ட எல்லாரும் ஸம்ஸம் தண்ணி கேப்பாங்க, ஈத்தம்பழம் கேப்பாங்க. றிப்தி காக்கா மை கேப்பார். "ஜித்தாவுல ஒரு கடை இருக்காம் ஹாஜியார், அந்தப் போத்தல் மட்டும்" எண்டு பேரையும் நம்பரையும் எழுதிக் குடுப்பார். கஃபத்துல்லாவச் சுத்தி வந்த மனிசன் மைப் போத்தலத் தேடி மறுகா கடைத்தெருவச் சுத்தணும். வெளிக்கிட்டா சேட்டுப் பொக்கட்டுல பேனைகள் வரிசையா நிக்கும், இடுப்புல தோல் பை ஒண்டு தொங்கும். அதுக்குள்ள குட்டி மைப் போத்தல், மை ஏத்துற ஊசி, துணி, பூதக்கண்ணாடி, மை ஒத்துற தாள். "இது என்ட எவ்ரிடே கெரி, எங்க போனாலும் என்னோட வரும்" எண்டு கந்தோர்ல கூட வேல செய்ற ஆக்களுக்கு விரிச்சுக் காட்டுவார். சுன்னத்து வைக்க வாற ஒஸ்தா மாமாவும் இவ்வளவு சாமானோட வாறல்ல. போல்பொயின்டோட யாரும் கையெழுத்துக் கேட்டு வந்தா, அத ரெண்டு விரலால நுள்ளி எடுத்து ஓரமா வெச்சிட்டுத்தான் தன்ட பேனையத் திறப்பார்.

இதெல்லாம் அவர் தன்ட ஊட்டுல செய்யலாந்தானே எண்டு கேப்பீங்க. அவருக்கு ஏது ஊடு? இந்தப் பக்கத்துல ஊடு பொம்புளப் புள்ளைக்கி. மாப்பிளதான் பொம்புள ஊட்டுக்கு வந்து இருக்கணும். அந்த முறையில றிப்தி காக்கா பாலமுனையில பொஞ்சாதி, ஸம்றாட மச்சி சுபைறாட ஊட்டுல இருக்கிறார். அங்க ஒருநாள் சின்ன மகள் ஊதா மைய எடுத்து மச்சி தொழுற முசல்லாவுல ஊத்திட்டாள். "இனி இந்த வாசலுக்குள்ள ஒரு போத்தல் வந்திச்செண்டா கடலுக்குள்ள வீசுவன், பொறகு நீங்களும் கூடவே இறங்கித் தேடுங்க" எண்டு மச்சி சொல்லிப் போட்டா. மச்சி சொன்னா செய்ற மனிசி. அதுக்குப் பொறகுதான் மைப் போத்தல் எல்லாம் சாய்ந்தமருதுக்குக் குடிவந்திச்சு. ஸம்றாவுக்கு எண்டு வாப்பா கட்டி வெச்ச ஊட்டுல, நாளைக்கு அவளும் அவள்ட மாப்பிளயும் இருக்க எண்டு கட்டின மேற்கு அறையில.

வாப்பா மௌத்தாகிட்டார். வாப்பா இல்லாத பொம்புளக்கி வலீ காக்காதான். சம்மதம் சொல்லிக் கையெழுத்து வைக்கிற ஆம்புள அவர். அவர் ஓம் எண்டாத்தான் நிக்காஹ். முப்பதும் தாண்டி ஸம்றா அந்த ஓமுக்காகக் காத்துக் கிடந்தாள்.

மாப்பிள வராம இல்ல. வந்தவங்க எல்லாருக்கும் காக்கா ஒரு சோதனை வைப்பார். தேத்தண்ணி குடிச்சு முடிய, பேனை ஒண்ட நீட்டி, "ஒங்கட பேர எழுதுங்க பாப்பம், கைய வெச்சு மனிசனச் சொல்லலாம்" எண்டு சிரிப்பார். கட்டார்ல வேல செய்ற ஒருத்தர் வந்தார். பேனை எழுதல்லயெண்டு, மை தீந்த போல்பொயின்ட உதறுற மாதிரி உதறினார். மை சுவத்துலயும், பேச்சுக் கொண்டு வந்த றமீஸ் மாமாட தாடியிலயும் பட்டிச்சு. "பொறுமை இல்லாத மனிசன்" எண்டு காக்கா வேணாமெண்டுட்டார். பொறகு ஒரு மௌலவி வந்தார். முத்து மாதிரி எழுதினார். ஆனா எழுதக்குள்ள மூடியப் பேனைட பின்பக்கத்துல குத்தி வெச்சிட்டார், பேனையில கீறல் விழுந்திட்டாம். "அடுத்தவன்ட சாமானப் பேணத் தெரியாதவன், அடுத்தவன் பெத்த புள்ளையப் பேணுவானா?" எண்டு காக்கா கேட்டார். உம்மாவும் தலைய ஆட்டினா. ஆள் ஒசரமாப் பேசினா உம்மா அத உண்மையெண்டு நம்புவா.

அதுக்குப் பொறகுதான் முபீத் வந்தார்.

முபீத் கரையில தோணிக்காரங்களுக்கு ஐஸ் குடுக்கிறவர். அவர்ட ராத்தாட மகள் ஸம்றாட வகுப்புல படிக்கிது. தகப்பன் வெளிநாடு எண்டதால பெற்றார் கூட்டத்துக்கு மாமன் வந்திருந்தார். மத்தவங்க எல்லாம் "எத்தன புள்ளி டீச்சர், எத்தனையாம் ஆள் டீச்சர்" எண்டு கேட்ட நேரம், இவர் மட்டும் "டீச்சர், புள்ளைக்கி எது விளங்கல்ல?" எண்டு கேட்டார். அந்த ஒரு கேள்வி ஸம்றாட நெஞ்சுல போய்க் குந்திக்கிட்டு. கொஞ்ச நாளையில றமீஸ் மாமா வழியா அவங்கட பக்கத்தால பேச்சு வந்திச்சு. ஸம்றா இந்த முறை வெக்கப்படல்ல, வாய விட்டே சொன்னாள்.

"உம்மா, எனக்கு விருப்பம். காக்காட்டச் சொல்லுங்க, பேனை விளையாட்டு வேணாமெண்டு."

உம்மா சொன்னாவோ இல்லயோ, அல்லாவுக்குத்தான் தெரியும். முபீத் வந்து, தேத்தண்ணி குடிச்சு, வட்டிலப்பம் தின்டு முடிய, காக்கா தோல் பையத் திறந்தார். அண்டைக்குப் பாத்து ஆக நல்ல பேனைய எடுத்தார். தங்க நிப்பாம்.

முபீத் கைய லேஞ்சியில நல்லாத் துடைச்சிட்டுத்தான் பேனைய வாங்கினார். மரியாதையான ஆள். ஆனா கை என்ன கை? விடிஞ்சா பொழுதுபட்டா ஈரத்துக்குள்ள நிண்டு காபன் தாள் வெச்சு மூணு கொப்பி பில் எழுதுற கை. அமத்தி எழுதினாத்தான் அடிக்கொப்பி தெரியும். அந்த அமத்தல்லயே "முபீ" எண்டு எழுதினார். "த்" வரல்ல. நிப்புட ரெண்டு நுனியும் விலகி, ஒண்டு மேல போயிட்டு.

றிப்தி காக்கா ஜனாஸாவத் தூக்குற மாதிரி ரெண்டு கையாலயும் பேனைய வாங்கினார்.

"மன்னிச்சிக்கங்க காக்கா" எண்டார் முபீத். அவர்ட முகம் செத்துப் போச்சு. "பில் எழுதுற கை, அமத்திப் போட்டன். எங்க குடுத்துத் திருத்துறயெண்டு சொல்லுங்க, கொழும்பு எண்டாலும் நானே கொண்டு போய்த் திருத்தித் தாறன்."

"பரவால்ல" எண்டார் காக்கா. பரவால்ல எண்டு சொன்ன அந்த முகத்தப் பாத்த உடனே ஸம்றாவுக்கு விளங்கிட்டு, இதுவும் போச்செண்டு.

அவங்க வாசலத் தாண்டினதும் காக்கா வேணாமெண்டார். முரட்டுக் கை எண்டார். எங்கட குடும்பத்துக்கு ஏத்த பழக்கவழக்கம் இல்லயெண்டார். மேசைக்கி மேல வளைஞ்ச நிப்ப வெச்சு, "இதப் பாருங்க உம்மா, இதுக்கே இப்பிடி எண்டா" எண்டு சொன்னார். கண்ணுல தண்ணி நிண்டிச்சு. ஸம்றா அந்தக் கண்ணீரப் பாத்தாள். அவள்ட வயசு போறதுக்கு இந்த மனிசன் ஒரு சொட்டும் விட்டதில்ல. தூ எண்டு இருந்திச்சு அவளுக்கு.

எண்டாலும் அண்டைக்கு அவள் சண்டை பிடிக்கல்ல. காக்கா கிறுக்கர், பேனைப் பைத்தியம், பைத்தியத்தோட என்னத்தக் கதைக்கிற எண்டுதான் நினைச்சாள். அது பைத்தியம் இல்லயெண்டு அடுத்த கிழமை தெரிஞ்சிச்சு.

அடுத்த கிழமை அவள் பள்ளிக்கூடம் விட்டு வர, மேற்கு அறையில துளை போடுற சத்தம். எட்டிப் பாத்தா, தச்சு ஆள் ஒருத்தர் ஏணியில நிண்டு சுவர் நெடுகக் கண்ணாடி ராக்கை அடிக்கிறார். காக்கா கீழ நிண்டு, "கொஞ்சம் எடப்பக்கம், வெயில் படப்படாது" எண்டு கை காட்டுறார்.

ஸம்றா பைய வைக்காமயே கேட்டாள். "என்ன காக்கா இது?"

"ராக்கை. போத்தல் எல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு கிடக்கு, பாவம்."

"இது என்ட அறை. கலியாணம் முடிஞ்சா நானும் மாப்பிளயும் இருக்கிற அறை. சுவத்துல அடிச்சா பொறகு எப்பிடிக் கழட்டுற?"

காக்காட கண் ராக்கையில. கவனம் முழுக்க அங்க. அதனாலதான் உள்ளுக்குள்ள கிடந்தது அப்பிடியே வாயால வழுக்கி வந்திச்சு.

"அதத்தான் புள்ள நானும் யோசிக்கன். ஒனக்கு மாப்பிள வந்திட்டா இதெல்லாத்தையும் நான் எங்க கொண்டு போய் வைக்கிற? சுபைறா ஊட்டுக்குள்ள எடுக்கமாட்டாளே."

சொன்ன பொறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டிச்சு. தச்சு ஆள் ஏணியில நிண்டு கீழ பாத்தார். குசினி வாசல்ல நிண்ட உம்மாட கையில இருந்த அகப்பை அப்பிடியே நிண்டிச்சு.

அட பாவி மனிசா! பொறுமை இல்லாதவன், பேணத் தெரியாதவன், முரட்டுக் கைக்காரன் எண்டு வந்தவன் எல்லாருக்கும் ஒரு பேர் வெச்சது இதுக்கா? போத்தலுக்கு இடம் இல்லயெண்டா? கட்டார்க்காரரும் மௌலவியும் ஊர்ல கலியாணம் முடிச்சுப் புள்ள குட்டியோட இருக்காங்க. இவள் மட்டும் ஹோல்ல வேர்த்துக்கிட்டு இருந்திருக்காள், மை குளிர்ல படுத்திருக்கு. ஸம்றாவுக்குக் கத்த வரல்ல. சிரிப்புத்தான் வந்திச்சு, கேவலமான சிரிப்பு.

"நான் அப்பிடிச் சொல்லல்ல புள்ள..." எண்டு காக்கா தொடங்கினார்.

"அப்பிடித்தான் சொன்னீங்க" எண்டாள் ஸம்றா. "வேலைய முடிங்க. வெயில் படப்போகுது."

மறுநாள் அவள் அபாயாவப் போட்டுக்கிட்டு காதி நீதிபதிட்டப் போனாள். வலீ காரணம் இல்லாமச் சம்மதத்தப் பிடிச்சு வெச்சா, பொம்புள காதிட்ட முறைப்பாடு வைக்கலாம். விசாரிச்சு, காரணம் சரியில்லயெண்டு கண்டா, வலீ இல்லாமயே நிக்காஹ் நடத்தக் காதி உத்தரவு குடுப்பார். இது ஊருக்கு எல்லாம் தெரியும், ஆனா போறவங்க குறைவு. போனா, "காக்காவக் கோட்டுக்கு இழுத்தவள்" எண்டு ஊர் சாகுமட்டும் சொல்லும். ஸம்றாவுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் போனாள்.

விசாரணை ஒரு ஞாயித்துக்கிழமை. காதியார்ட ஊட்டு முன் அறையில வாங்கு போட்டு ஆக்கள் குந்தியிருந்தாங்க, எல்லாருக்கும் அவங்கவங்கட வழக்கு. விருப்பம் மாறாத முபீத் றமீஸ் மாமாவோட ஓரமா நிண்டார். உம்மா வரமாட்டன் எண்டு அழுதிட்டு, கடைசியில முந்தானையால முகத்த மூடிக்கிட்டு வந்து பின்னால குந்தினா. றிப்தி காக்கா அயன் பண்ணின வெள்ளைச் சேட்டோட வந்தார். பேனைகள் வரிசையா, தோல் பை இடுப்புல. காதியார் வயசான, அவசரப்படாத மனிசன்.

"சொல்லுங்க தம்பி, மாப்பிளக்கி என்ன குறை?"

"எங்களுக்கு குஃபு இல்ல காதியார்" எண்டார் காக்கா. பொருத்தம் இல்லயாம். பெரிய சொல்லோட தொடங்கினார்.

"எதுல இல்ல? தொழுகையிலயா?"

"இல்ல, தொழுறாரு."

"குடி, கஞ்சா?"

"அப்பிடி ஒண்டும் கேள்விப்படல்ல."

"உழைப்பு?"

"ஐஸ் விக்கிறாரு."

"ஐஸ் விக்கிறது ஹறாமா?"

வாங்குல இருந்தவங்க குனிஞ்சு சிரிச்சாங்க. காக்காட காது சிவந்திச்சு. "காதியார், ஒரு மனிசன்ட பழக்கவழக்கம் அவன்ட கையில தெரியும்" எண்டு சொல்லி, தோல் பையத் திறந்து ஒரு சின்னப் பெட்டிய எடுத்தார். பஞ்சுல படுக்க வெச்ச நிப். பூதக்கண்ணாடியையும் சேத்து மேசையில வெச்சார். "நீங்களே பாருங்க."

காதியார் கண்ணாடியக் கழட்டிட்டு, பூதக்கண்ணாடிய வெச்சுக் குனிஞ்சு பாத்தார். நல்லா நேரம் எடுத்துப் பாத்தார். நீதியான மனிசன், காட்டின சாட்சியப் பாக்காம விடக் கூடாதே.

"வளைஞ்சிருக்கு" எண்டார்.

"ஓம்!" எண்டார் காக்கா, ஒருத்தராவது விளங்கிக்கிட்டாரே எண்டு.

"இதுதான் காரணமா தம்பி?"

அந்தக் கேள்விக்குப் பொறகு முன் அறையில எழும்பின சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். புருசன்கிட்டத் தாபரிப்புக் காசு கேட்டு வந்து அழுதுகிட்டு இருந்த பொம்புள ஒருத்தியும் முந்தானைய வாயில வெச்சிக்கிட்டுச் சிரிச்சா. முபீத் மட்டும் சிரிக்கல்ல. தலையக் குனிஞ்சிக்கிட்டு நிண்டார். ஸம்றாவும் சிரிக்கல்ல. தன்ட காக்கா இப்பிடி ஊர் முன்னால அவிஞ்சு நிக்கிறதப் பாத்தா கொஞ்சமாவது பாவம் வருமெண்டு அவள் நினைச்சிருந்தாள். தேடிப் பாத்தாள். வரல்ல.

"வேற ஒண்டும் இருக்கா, மகள்?" எண்டு காதியார் அவளப் பாத்துக் கேட்டார்.

"அறை இருக்கு காதியார்" எண்டாள் ஸம்றா. ஏசிய, போத்தல, ராக்கைய, காக்கா வாயால வந்த பேச்ச, ஒண்டையும் கூட்டாமக் குறைக்காமச் சொன்னாள். இந்த முறை ஒருத்தரும் சிரிக்கல்ல. காதியார் காக்காவப் பாத்தார், "மெய்யா?" எண்டு கேட்டார். காக்கா மேசையப் பாத்தார். பின்னாலயிருந்து உம்மாதான், "மெய்தான் காதியார், நானும் கேட்டன்" எண்டா. வாழ்க்கையில முதல் தரமா மகனுக்கு எதிரா உம்மாட வாயால ஒரு சொல் வந்திச்சு.

காதியார் தாள எடுத்து உத்தரவ எழுதத் தொடங்கினார். அந்த எழுத்து அரைவாசி போற நேரத்துலதான் றிப்தி காக்காவுக்கு விசயம் உறைச்சிச்சு. தங்கச்சிட நிக்காஹ் நடக்கும். ஊரே வரும். வலீயா இவர் இருக்கமாட்டார். ஏனெண்டு ஒவ்வொருத்தனும் கேப்பான், கேட்டவனுக்கெல்லாம் நிப்புக் கதைய இன்னொருத்தன் சொல்லுவான்.

"பொறுங்க காதியார்!" எண்டு எழும்பினார். "எனக்குச் சம்மதம். நான் வலீ, நானே கையெழுத்து வைக்கிறன். வாப்பா இல்லாத புள்ள, நான் வைக்காம யாரு வைக்கிற?" பொக்கட்டுல இருந்து பேனை ஒண்ட எடுத்து மூடியத் திருகிக் கழட்டினார். அந்த நேரத்துலயும் பேனைய மட்டும் பதவிசாத்தான் பிடிச்சிருந்தார்.

காதியார் எழுத்த நிப்பாட்டினார். "முறைப்பாடு ஒங்கட, மகள். காக்கா இறங்கி வாறார். வாபஸ் எடுக்கிறீங்களா?"

எல்லாரும் அவளப் பாத்தாங்க. எடு, எடு எண்டு வாங்கு முழுக்க இருந்த முகமெல்லாம் சொல்லிச்சு. சொந்தக் காக்கா, இரத்த உறவு, மானம் போகக் கூடாது. றமீஸ் மாமா தொண்டையச் செருமினார். ஸம்றா திரும்பி உம்மாவப் பாத்தாள். உம்மா முந்தானைய முகத்துல இருந்து எடுத்தா.

"நிப்ப வளைச்ச மனிசன் அந்த இடத்துலயே மன்னிப்புக் கேட்டாரு காதியார்" எண்டாள் ஸம்றா. குரல் உசரல்ல. "என்ட வயசத் தின்ட மனிசன் இன்னும் கேக்கல்ல. கையெழுத்துத்தான் வைக்கப் பாக்காரு. நான் வாபஸ் எடுக்கல்ல. நீங்களே எழுதுங்க."

காதியார் குனிஞ்சு விட்ட இடத்துல இருந்து எழுதினார். எழுதி முடிச்சு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். மேசைக்கி இந்தப் பக்கத்துல காக்கா திறந்த பேனையோட அப்பிடியே நிண்டார். கையெழுத்த எங்க வைக்கிறயெண்டு ஒருத்தரும் அவருக்கு இடம் காட்டல்ல.

ஸம்றா உத்தரவ வாங்கி மடிச்சுப் பையில வெச்சிட்டு, அவரத் தாண்டிப் போற நேரம் ஒரு கணம் நிண்டாள்.

"மூடியப் போடுங்க காக்கா" எண்டாள். "மை காஞ்சிடும்."